ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியேஷன்: 30 சிட்டிங்கா, 20 சிட்டிங்கா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய், நாக்கு, தாடை, தொண்டை, குரல்வளை என்று தலை, கழுத்துப் பகுதியில் வந்த புற்றுநோயை ஆபரேஷன் செய்து எடுத்தாகிவிட்டது. அடுத்து ரேடியேஷன், ஆறு வாரம் தினமும் வரவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதே சமயம் யாருக்கோ நாலே வாரத்தில் முடிந்துவிட்டதாகக் காதில் விழுகிறது. கேள்விகள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். நான் மெஷின் பக்கத்தில் நிற்கிற ஆள், ரேடியேஷன் டெக்னாலஜிஸ்ட். டோஸ் எழுதுகிறவன் இல்லை. தலை அசையாமல் இருக்க முகத்தில் போடும் மாஸ்க்கை மாட்டுவதற்கு முன்னால் நோயாளிகள் கேட்டது (மாட்டிய பிறகு பேச முடியாது), வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் கேட்டது, இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது சரி என்பதை உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம் என்றார்கள். அப்புறம் எதற்கு ரேடியேஷன்?

எல்லாருக்கும் தேவைப்படாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னக் கட்டி, ஓரம் சுத்தம், கழுத்து நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) எதுவும் இல்லை என்றால் ஆபரேஷனோடு நிறுத்திவிடுவது உண்டு. எடுத்த சதையைப் பரிசோதித்து வரும் பயாப்ஸி ரிப்போர்ட்தான் முடிவு செய்கிறது. கட்டி பெரிதாக இருந்தது, வெட்டிய ஓரத்துக்கும் கட்டிக்கும் நடுவில் நல்ல சதை 5 மில்லிமீட்டர்கூட இல்லை, நரம்பைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது, ரத்தக்குழாய் அல்லது நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்திருக்கிறது, கழுத்து நெறிகளுக்குப் பரவியிருக்கிறது. இவற்றில் ஏதாவது இருந்தால், கண்ணுக்குத் தெரியாத செல்கள் அங்கே தங்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தின் பேரில் ரேடியேஷன் சொல்வார்கள்.

இதற்கும் மேலே இரண்டு விஷயங்களை டாக்டர்கள் தனியாக வட்டம் போட்டுப் பார்ப்பார்கள். வெட்டிய ஓரத்திலேயே புற்றுநோய் இருப்பது ஒன்று. நெறியின் மேலுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருப்பது இன்னொன்று. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும், உடம்பு தாங்கும் என்றால், ரேடியேஷனோடு கீமோவும் சேரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2004இல் வெளிவந்த பிறகு உறுதியான வழக்கம் இது. இந்த இரண்டும் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

‘கரண்ட் வைப்பது’ என்கிறார்களே, ஷாக் அடிக்குமா?

அடிக்காது. கரண்ட் என்பது ஊர் வழக்கு, அவ்வளவுதான். உள்ளே வருவது எக்ஸ்ரே மாதிரியான கதிர், ஆனால் அதைவிட எத்தனையோ மடங்கு சக்தி கூடியது. அந்த நேரத்தில் சூடும் தெரியாது, வலியும் தெரியாது. படுத்து எழுந்திருக்கப் பத்து, பதினைந்து நிமிடம், அதிலும் பாதி நேரம் உங்களைச் சரியான இடத்தில் படுக்க வைப்பதற்கே போய்விடும்.

வழக்கமான திட்டம் எவ்வளவு நாள்?

60 கிரே, 30 சிட்டிங், ஆறு வாரம். ஒரு சிட்டிங்குக்கு 2 கிரே, திங்கள் முதல் வெள்ளி வரை, சனி ஞாயிறு லீவு. சிட்டிங் என்பது ஒரு தடவை படுத்துக் கதிர் வாங்குவது, கிரே என்பது உடம்பு வாங்கிக்கொள்ளும் கதிரின் அளவு. ஓரத்தில் புற்றுநோய் இருந்தாலோ, நெறியை விட்டு வெளியே வந்திருந்தாலோ அந்த இடத்துக்கு மட்டும் 66 கிரே வரை போவார்கள், அப்போது 33 சிட்டிங்.

எதற்கு இப்படித் துண்டு துண்டாக? ஒரே வாரத்தில் கொடுத்து முடித்துவிட்டால் என்ன?

நல்ல கேள்வி. எல்லாமே இதில்தான் இருக்கிறது.

கதிர் புற்றுநோய் செல்லையும் அடிக்கும், நல்ல செல்லையும் அடிக்கும். நல்ல செல்லுக்கு அடிபட்டதை ரிப்பேர் செய்துகொள்ளும் திறமை அதிகம். இன்று மாலைக்கும் நாளைக் காலைக்கும் நடுவில் பெரும்பாலும் சரிசெய்துகொள்ளும். அதனால் சின்னச் சின்ன அடியாக, நடுவில் மூச்சுவிட நேரம் கொடுத்து அடிக்கிறோம். ஒவ்வொரு அடியும் கனமாக ஆக, நல்ல சதைக்கு, அதிலும் மெதுவாகப் பழுதுபடுகிற எலும்பு, தசை, நரம்பு, தோலுக்கு அடியில் இருக்கும் பகுதி ஆகியவற்றுக்கு, மொத்த டோஸ் அதேதான் என்றாலும் சேதம் கூடும். மாதங்கள், வருஷங்கள் கழித்து வருகிற கழுத்து இறுக்கம், தாடை எலும்பு செத்துப்போவது எல்லாம் இந்த வகை.

சரி, அப்படியானால் இன்னும் பொடிப்பொடியாக்கி மூன்று மாசம் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் எதிர்ப்பக்கத்துக்காரன் ஒரு வேலை செய்கிறான். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஸ்குவாமஸ் வகை, அதாவது வாய், தொண்டையின் உள்தோல் செல்லில் தொடங்குபவை. இந்த செல்கள் அடிவாங்கிக்கொண்டே இருக்கும்போது, சுமார் நாலாவது வாரத்துக்கு மேல், மிச்சம் இருப்பவை வழக்கத்தைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. 1988இலேயே விதர்ஸ் என்ற ரேடியேஷன் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: அந்தக் கட்டத்துக்கு மேல் இழுக்கிற ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 0.6 கிரே புதிய பெருக்கத்தைச் சமாளிக்கவே செலவாகிறது. ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிக்கிற கதைதான், மெதுவாகப் பிடித்தால் பிடித்ததெல்லாம் ஒழுகிப் போகும்.

ஆக, அடி கனமானால் நல்ல சதைக்குக் கெடுதல், காலம் நீண்டால் புற்றுநோய்க்கு லாபம். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் 30ஆ 20ஆ என்ற சண்டை.

அப்போது குறுகிய திட்டம் என்றால் என்ன?

சிட்டிங் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றின் அளவையும் கொஞ்சம் கூட்டி, மொத்த டோஸையும் அதற்கேற்பக் குறைப்பது. பொதுவாக நாலு வாரம், 20 சிட்டிங், ஒவ்வொன்றும் 2.5 முதல் 2.75 கிரே. பிரிட்டன், கனடா மாதிரி நாடுகளில் சில மையங்களுக்கு இந்த நாலு வார வழக்கம் பல வருஷப் பழக்கம். 2020இல் கொரோனா வந்தபோது மற்ற இடங்களிலும் இதைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது.

இன்னொரு வகை குறுக்கலும் இருக்கிறது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு சிட்டிங்கின் அளவை 2 கிரேயாகவே வைத்துக்கொண்டு வாரத்துக்கு 5க்குப் பதில் 6 கொடுப்பது. டென்மார்க்கில் இதைச் செய்து பார்த்து 2003இல் வெளியிட்டார்கள், ஆபரேஷன் இல்லாமல் ரேடியேஷனை மட்டும் நம்பிய நோயாளிகளிடம் நோய்க் கட்டுப்பாடு கூடியது. நாள் குறைந்தது, அடியின் கனம் மாறவில்லை.

மொத்த டோஸைக் குறைத்தால் வைத்தியமும் குறைந்ததுதானே?

பெஞ்சில் அதிகம் கேட்கும் கேள்வி இது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சீட்டில் 60 என்று இருக்கும், உங்கள் சீட்டில் 50 என்று இருக்கும், வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டே பார்ப்போம்.

வேறு வேறு கனத்தில் கொடுத்த டோஸ்களை ஒப்பிட ஒரு சூத்திரம் உண்டு. எல்லாவற்றையும் ‘2 கிரே வீதம் கொடுத்திருந்தால் எவ்வளவுக்குச் சமம்’ என்று மாற்றிக்கொள்வோம். புற்றுநோய்க்கு ஒரு எண்ணும், மெதுவாகப் பழுதாகிற நல்ல சதைக்கு வேறொரு எண்ணும் போடுவோம், பொதுவாக 10, 3.

60 கிரே 30 சிட்டிங்: இரண்டுக்குமே 60தான். ஆனால் ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தால் முடிவது 40ஆவது நாள். 28ஆவது நாளுக்கு மேல் 12 நாள், நாளுக்கு 0.6 என்றால் 7 கிரே ஒழுகிப்போகிறது. புற்றுநோய்க்கு நிகரமாகப் போய்ச் சேருவது 53 மாதிரி.

50 கிரே 20 சிட்டிங்: ஒன்றுக்கு 2.5. புற்றுநோய்க்கு 52, நல்ல சதைக்கு 55. முடிவது 26ஆவது நாள், ஒழுகல் இல்லை. 53க்கு 52, கிட்டத்தட்ட அதே இடம்.

55 கிரே 20 சிட்டிங்: ஒன்றுக்கு 2.75. புற்றுநோய்க்கு 58. ஆனால் நல்ல சதைக்கு 63, அதாவது ஆறு வாரத் திட்டத்தைவிட அதிகம். எண் 60ஐவிடச் சின்னதாகத் தெரிந்தாலும் உடம்புக்கு இதுதான் கனம்.

எனவே சீட்டில் இருக்கிற மொத்த எண்ணை மட்டும் வைத்து அதிகம், குறைவு என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும்: இது தாளில் போடுகிற கணக்கு. அந்த 28 நாள், 0.6 எல்லாம் கட்டி உள்ளேயே இருந்த நோயாளிகளிடமிருந்து வந்த மதிப்பீடு. ஆபரேஷன் ஆன கழுத்தில், ரத்த ஓட்டம் மாறிப்போன தழும்புக்குள் ஒளிந்திருக்கும் செல்கள் இதே கணக்குப்படி நடக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

குறைந்த நாள் என்றால் கைவிட்ட கேஸ் என்று சொல்கிறார்களே?

இல்லை. இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், குணமாக்க முடியாத நிலையில் வலி, ரத்தக்கசிவைக் குறைக்கக் கொடுக்கும் ரேடியேஷனும் குறுகியதாகவே இருக்கும். இரண்டே நாளில் 4 சிட்டிங், மொத்தம் 14 கிரே, மூன்று நாலு வாரம் விட்டு மறுபடியும் என்று ஒரு முறை இருக்கிறது, அது அந்த வகை. 20 சிட்டிங்கில் 50, 55 கிரே என்பது குணப்படுத்தும் நோக்கத்தில் கொடுப்பது. சந்தேகமாக இருந்தால் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: “இது குணமாக்கவா, கஷ்டத்தைக் குறைக்கவா?” கேட்கக்கூடாத கேள்வி இல்லை இது.

மார்பகப் புற்றுநோய்க்கு 5 சிட்டிங்கில் முடித்துவிடுகிறார்களாமே. இங்கே மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம்?

உண்மைதான். மார்பகத்தில் பிரிட்டனில் நடந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு 2020இல் 26 கிரே 5 சிட்டிங் போதும் என்று காட்டியது. புராஸ்டேட்டில் 60 கிரே 20 சிட்டிங் 2016இலேயே நிலைபெற்றுவிட்டது. இரண்டிலும் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்துவிட்டுத்தான் மாற்றினார்கள். அதோடு அந்த இரண்டு புற்றுநோய்களும் கனமான அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மசிகிறவை.

கழுத்து அப்படி இல்லை. ஒரு கைப்பிடி இடத்துக்குள் தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பிகள், விழுங்கும் தசைகள், குரல்வளை, தாடை எலும்பு, தைராய்டு, கைக்குப் போகும் நரம்புக் கொத்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மார்பகத்தில் தோல் கொஞ்சம் தடித்தால் வாழ்ந்துவிடலாம். விழுங்கும் தசை இறுகிப்போனால் மூன்று வேளையும் போராட்டம். டாக்டர்களின் தயக்கத்தைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம், நான் அவர்கள் பக்கம்தான்.

இந்தப் புற்றுநோயில் குறுகிய திட்டத்துக்கு ஆதாரமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி ஆபரேஷன் செய்யாதவர்களிடமிருந்து வந்தது. பன்னாட்டு அணுசக்தி முகமை நடத்திய ஹிப்னோ என்ற ஆய்வில் 55 கிரே 20 சிட்டிங்கையும், வாரத்துக்கு 6 வீதம் 66 கிரே 33 சிட்டிங்கையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவைச் சொன்னபோது, நோயைக் கட்டுப்படுத்துவதில் நாலு வாரத் திட்டம் பின்தங்கவில்லை. அதற்கு முன்பே, ஜப்பானில் ஆரம்பநிலை குரல்வளைப் புற்றுநோய்க்குச் சிட்டிங்குக்கு 2 கிரேக்குப் பதில் 2.25 கொடுத்து, நாளையும் குறைத்துப் பார்த்ததில் ஐந்தாண்டுக் கட்டுப்பாடு 77லிருந்து 92 சதவீதமாக உயர்ந்தது. 2006இல் வந்த முடிவு அது.

ஆபரேஷனுக்குப் பிறகான நிலைமையில், காலம் முக்கியம் என்பதற்கு 2001இல் வந்த, ஆங் என்ற ரேடியேஷன் டாக்டர் குழுவின் ஆய்வு முக்கியமானது. அதிக ஆபத்துள்ளவர்களுக்கு அதே 63 கிரேயை ஏழு வாரத்தில் கொடுப்பதா, ஐந்து வாரத்தில் கொடுப்பதா என்று பார்த்தார்கள். ஆபரேஷன் நாளிலிருந்து கடைசி சிட்டிங் வரை 11 வாரத்துக்குள் முடித்தவர்கள் மேலாக இருந்தார்கள். ஆரம்பிக்கத் தாமதமானதால் வந்த நஷ்டம் ஏழு வாரக் குழுவில்தான் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கவனியுங்கள், அங்கே நாளைக் குறைத்தது கனமான சிட்டிங்கால் இல்லை, கடைசிப் பகுதியில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கொடுத்து.

என் கருத்தைக் கேட்டால்: காலத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. ஆபரேஷன் ஆன கழுத்தில் அடியைக் கனமாக்கித்தான் குறைக்க வேண்டும் என்பதற்கு மார்பகத்தில் இருக்கிற அளவு பலம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கி “லேட்டஸ்ட் முறை” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

கீமோவும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றால்?

இங்கே சிக்கல் கூடும். வழக்கமான முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. ஆறு, ஏழு வாரத்தில் மூன்று தடவை பொருந்தும். வாரம் ஒரு தடவை 40 மில்லிகிராம் என்பதும் ஆபரேஷனுக்குப் பிறகு அதைவிட மோசமில்லை என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று 2022இல் காட்டியது. அதில் ஆறு ஏழு வாரம் போகும். ரேடியேஷனை நாலு வாரமாகச் சுருக்கினால் 100 மில்லிகிராம் வீதம் இரண்டு தடவை, அல்லது 40 வீதம் நாலு தடவைதான் உள்ளே நுழையும். கீமோவின் மொத்த அளவு குறைகிறது. அதே நேரம் கனமான அடியும் கீமோவும் சேர்ந்து வாய்ப்புண்ணை ஒரு பிடி பிடித்துவிடும். அதனால் மேலே சொன்ன இரண்டு விஷயங்கள், அதாவது ஓரத்தில் நோய், நெறியை விட்டு வெளியே வந்த நோய், உங்கள் ரிப்போர்ட்டில் இருந்து கீமோவும் தேவை என்றால், பல மையங்கள் ஆறு வாரத்தை விட்டு நகர மாட்டார்கள்.

மறுபக்கம், வயது அதிகம், கீமோ தாங்காது, தினமும் வருவதே மலை ஏறுவது மாதிரி என்றிருப்பவர்களிடம் நாலு வாரத்தை டாக்டர்களே எடுத்துப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

பக்க விளைவு கூடுமா?

வாய்ப்புண், விழுங்கும்போது எரிச்சல், தோல் கருத்து உரிவது, ருசி போவது, வாய் வறண்டு எச்சில் பசை மாதிரி ஆவது, இவை இரண்டு திட்டத்திலும் வரும். வேறுபடுவது நேரம்.

வாயின் உள்தோல் வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் தோல். வாரத்துக்கு 10 கிரே கொடுத்தால் ஓரளவு ஈடு கொடுக்கும், 12.5 கொடுத்தால் மூச்சு வாங்கும். அதனால் குறுகிய திட்டத்தில் புண் சீக்கிரமாகவும் கொஞ்சம் கடுமையாகவும் வரலாம். ஆறு வாரத் திட்டத்தில் நோயாளி எங்கள் கண்முன்னாலேயே கஷ்டத்தின் உச்சிக்குப் போவார். தினமும் பார்க்கிறோம், எடை குறைந்தால் தெரிகிறது, டாக்டரிடம் அனுப்புகிறோம். நாலு வாரத்தில் பலருக்குக் கடைசி சிட்டிங் அன்று பேச்சும் நடையும் நன்றாகவே இருக்கும். கையசைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில்தான் உச்சம் வரும், அப்போது வீட்டில் இருப்பார்கள்.

ஒருவர் இருபதாவது நாள் சிரித்துக்கொண்டே போனார். பத்து நாள் கழித்து வந்தபோது தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “முடிஞ்சிடுச்சுன்னுதானே நினைச்சோம்” என்றார் கூட வந்த மகள். மூக்கு வழியாக ட்யூப் போட்டு, சில வாரத்தில் எடுத்துவிட்டார்கள், சரியாகிவிட்டார். ஆனால் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பத்து நாள் பயம் இருந்திருக்காது. ஆகவே நாலு வாரத் திட்டம் என்றால், முடிந்த பிறகு யார் பார்ப்பார்கள், எந்த நம்பருக்குக் கூப்பிடுவது, வலி மாத்திரை எத்தனை வாரத்துக்கு என்பதையெல்லாம் முடிகிற நாளுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிற்காலப் பக்க விளைவுகளைப் பொறுத்தவரை மேலே போட்ட கணக்கே பதில். மொத்த டோஸை ஒழுங்காகக் குறைத்துத் திட்டமிட்டால் அவை அதிகமாக வேண்டிய அவசியமில்லை, குறைக்காமல் கனத்தை மட்டும் கூட்டினால் கூடும். கருவியும் முக்கியம். கதிரைப் பல கோணங்களிலிருந்து, இடத்துக்கேற்ப அளவை மாற்றிச் செலுத்தும் ஐ.எம்.ஆர்.டி. முறை உமிழ்நீர்ச் சுரப்பியைக் காப்பாற்றுகிறது. பிரிட்டனில் 2011இல் வந்த பார்ஸ்போர்ட் ஆய்வில், ஒரு வருஷம் கழித்து வாய் வறட்சியால் சிரமப்பட்டவர்கள் 74லிருந்து 38 சதவீதமாகக் குறைந்தார்கள். பழைய முறையில் கனமான அடி கொடுப்பதாக இருந்தால் நான் யோசிப்பேன்.

தொடையிலிருந்தோ கையிலிருந்தோ சதை எடுத்து வைத்துத் தைத்திருக்கிறார்கள். அது தாங்குமா?

ஒட்டுச்சதை நன்றாகப் பிடித்து, காயம் முழுசாக மூடியிருந்தால் பொதுவாகத் தாங்கும். அதில் முடி முளைத்திருந்தால் உதிர்ந்துவிடும், வாய்க்குள் முடி இருந்து அவதிப்பட்டவர்களுக்கு அது ஒரு லாபம். காலெலும்பை எடுத்துத் தாடையில் பிளேட் போட்டுப் பொருத்தியிருந்தால், பிளேட் பற்றித் திட்டமிடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கேனிலேயே தெரிந்துவிடும், ஆனாலும் சொல்லுங்கள்.

பல் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்களே, அப்புறம் போகக் கூடாதா?

கூடாது, முன்பே போங்கள். ரேடியேஷன் வாங்கிய தாடை எலும்பு ஆறுவது கஷ்டம். பிறகு பல் பிடுங்கினால் அந்தக் குழி மூடாமல் எலும்பு செத்துப்போகும் அபாயம் உண்டு, அது வருஷக்கணக்கில் தொடரும் அபாயம். பிடுங்க வேண்டிய பல்லை ஆரம்பிப்பதற்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே பிடுங்கி ஆறவிட வேண்டும். முடிந்தால் ஆபரேஷனின்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள், நாள் மிச்சம்.

ஆபரேஷன் முடிந்து எத்தனை நாளில் ஆரம்பிக்க வேண்டும்?

ஆறு வாரத்துக்குள். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. ஆனால் பயாப்ஸி ரிப்போர்ட் வர இரண்டு வாரம், பல் பார்க்க ஒரு வாரம், காயம் ஆறவில்லை என்று ஒரு வாரம், மாஸ்க் செய்து ஸ்கேன் எடுத்து பிளான் போட ஒரு வாரம், மெஷினில் இடம் கிடைக்க ஒரு வாரம் என்று கூட்டிப் பாருங்கள். ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று என்று காத்திருந்தால் ஆறு வாரமும் அதிலேயே போய்விடும், ஏதாவது ஒன்று இழுத்தாலும் தாண்டிவிடும். ஆபரேஷன் ஆன வாரத்திலேயே ரேடியேஷன் டாக்டரிடம் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள், ரிப்போர்ட் வராவிட்டாலும் பரவாயில்லை.

இருபதா முப்பதா என்று மண்டையை உடைத்துக்கொண்டு ஒன்பதாவது வாரத்தில் ஆரம்பிக்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். குறுகிய திட்டத்தில் மிச்சம் பிடிக்கிற இரண்டு வாரத்தை முன்னாலேயே தொலைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

நடுவில் ஒரு நாள் வர முடியாவிட்டால்?

சொல்லுங்கள், சும்மா இருந்துவிடாதீர்கள். இந்த வகைப் புற்றுநோய்க்குத் திட்டமிட்ட நாளைவிட இரண்டு நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது பிரிட்டனில் எழுதியே வைத்திருக்கும் விதி. மெஷின் ரிப்பேர், பண்டிகை லீவு, காய்ச்சல், எதுவாக இருந்தாலும் அந்த நாளைச் சனிக்கிழமை கொடுத்தோ, ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை கொடுத்தோ ஈடுகட்ட வழி உண்டு. இருபது சிட்டிங்கில் ஒன்று போனால் இருபதில் ஒரு பங்கு போகிறது. ஒவ்வொன்றும் கனம் என்பதால் ஒரே நாளில் இரண்டு கொடுத்துச் சரிக்கட்டுவதும் அவ்வளவு சுலபமில்லை.

தினமும் அலைய முடியவில்லை. நானே குறுகியதைக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். வேலை போகிறது, கூட வர ஆள் இல்லை என்பதெல்லாம் சிகிச்சை சம்பந்தப்பட்ட விஷயங்கள்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. நாலு வாரத்தை ஒழுங்காக முடிப்பது, ஆறு வாரத்தை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: என் ரிப்போர்ட்டில் கீமோ சேர்க்க வேண்டிய காரணம் இருக்கிறதா? நாலு வாரத் திட்டம் உங்கள் மையத்தில் வழக்கமா, ஆய்வின் பகுதியா? மொத்த டோஸ் எவ்வளவு, ஒரு சிட்டிங்குக்கு எவ்வளவு? முடிந்த பிறகு முதல் மாதம் எத்தனை தடவை பார்ப்பீர்கள்? ஆய்வின் பகுதி என்றால் ஒப்புதல் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். சேரமாட்டேன் என்று சொன்னாலும் வழக்கமான சிகிச்சை கிடைக்கும், அது உங்கள் உரிமை.

டாக்டர் யோசித்து, வேண்டாம், ஆறு வாரமே போகலாம் என்று சொன்னால், காரணம் கேளுங்கள். காரணம் சொல்லும் டாக்டர் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேடியேஷன் நடக்கும்போது சிகரெட், புகையிலை?

விட்டுவிடுங்கள். ஆக்சிஜன் குறைந்த செல்லில் கதிர் சரியாக வேலை செய்யாது, புகை அதைத்தான் குறைக்கிறது. வாய்ப்புண்ணும் ஆறாது.

அந்த மாஸ்க்கைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது.

வெந்நீரில் போட்ட பிளாஸ்டிக் வலை அது. இளகியதும் முகத்தின் மேல் இழுத்து வைப்போம், ஈரத்துணி போர்த்திய மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும், சில நிமிடத்தில் இறுகிவிடும். முழுக்க ஓட்டைதான், மூச்சு தாராளமாகப் போகும். கண் பகுதியை வெட்டிவிடச் சொல்லிக் கேட்டால் பல நேரம் முடியும். கையில் ஒரு பெல் கொடுப்போம், அல்லது கையைத் தூக்கினால் கேமராவில் பார்த்து உள்ளே ஓடி வருவோம். எடை குறையக் குறைய மாஸ்க் தளரும். கன்னத்துக்கும் வலைக்கும் நடுவில் விரல் நுழைகிறது என்று தோன்றினால் உடனே சொல்லுங்கள், தேவைப்பட்டால் புதிதாகச் செய்து பிளானையும் மாற்றுவார்கள். கடைசி நாள் அதை வீட்டுக்குக் கொடுப்பீர்களா என்று சிலர் கேட்பதுண்டு. கொடுப்போம். ஒரு அம்மா அதை வாங்கிப் போய்ச் செடித் தொட்டிக்கு மேல் கவிழ்த்து வைத்திருப்பதாக அடுத்த செக்கப்பில் போட்டோ காட்டினார், மூக்கு ஓட்டை வழியாகக் கொடி ஒன்று வெளியே வந்திருந்தது.